அக்ரிலிக் நைட் கார்டு: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் இரவில் மாட்டிக்கொள்ளும் கடினமான அக்ரிலிக் தகட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. பல் மருத்துவர்கள் இதை நைட் கார்டு என்பார்கள். காரைக்குடியில் உள்ள ஒரு சிறிய பல் மருத்துவமனையில் இதைச் செய்துகொண்டு எனக்கு 14 மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் இணையத்தில் வாங்கிய ஒன்றும், வேறொரு மருத்துவமனையில் செய்து தந்த மென்மையான ஒன்றுமாக இரண்டு தகடுகளைப் பயன்படுத்திக் கைவிட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 10,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடினமான தகடு செய்துகொள்ளத் தக்கது. ஆனால் அது பயன் தருமா என்பது, எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட, மாட்டிய பிறகு மருத்துவர் எத்தனை முறை நம்மை நாற்காலியில் உட்கார வைத்து அதைச் சரிசெய்கிறார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

நான் ஆத்தங்குடியில் தளக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். தந்தையார் காலத்திலிருந்து நடந்துவரும் தொழில். கண்ணாடித் தகட்டின்மீது இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவது எங்கள் வேலை. ஊற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். கை ஒரு நூல் அசைந்தாலும் ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் வழிந்துவிடும். அந்த நேரத்தில் மூச்சோடு சேர்த்துப் பல்லையும் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை என் 43-ஆவது வயதில்தான் தெரிந்துகொண்டேன். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரவில் நான் பல் கடிப்பதை முதலில் கேட்டவர் என் மனைவி. "ராத்திரி பூராவும் நறநறன்னு பல்லைக் கடிக்கிறீக. அம்மியில கல்லு போட்டு இழுக்குற மாதிரி இருக்கு, தூங்க முடியல" என்று பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் எதுவும் விழாததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் தாயாரோ, "வயித்துல பூச்சி இருக்கும்டா, பூச்சி மாத்திரையப் போடு" என்றார். எங்கள் பக்கத்தில் இந்த நம்பிக்கை எல்லா வீடுகளிலும் உண்டு. நானும் மாத்திரை போட்டேன், சத்தம் குறையவில்லை. காலையில் எழும்போது இரண்டு நெற்றிப்பொட்டிலும் ஒரு மந்தமான வலி இருக்கும், பத்து மணிக்குள் அடங்கிவிடும். அதை வெயிலுக்கும் தூக்கமின்மைக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு உறவினர் வீட்டிலிருந்து வந்த சீப்புச் சீடையைக் கடித்தபோது இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஒரு முனை உடைந்து கையோடு வந்துவிட்டது. பழியைச் சீடையின்மீது போட்டேன். உடைந்த பல்லைப் பார்த்த காரைக்குடி மருத்துவர், வாய்க்குள் கண்ணாடியைப் பிடித்து எனக்கே காட்டினார். கோரைப் பற்களின் கூர்முனை இழைத்துவிட்டது போலத் தட்டையாகியிருந்தது. முன் பற்களின் விளிம்பில் வெள்ளைக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு. கன்னத்தின் உட்பக்கத்தில் பல் அழுந்திய வெண்கோடு. நாக்கின் ஓரத்தில் பல் வரிசையின் அச்சு. "சீடை கடைசிக் காரணம். ஐயா இந்தப் பல்லைப் பல வருஷமாக் கடிச்சு விரிசல் விட வச்சிருக்கீங்க" என்றார் அவர்.

எனாமல் என்னும் மேல் உறை, கடைவாய்ப் பல்லின் முகட்டில் ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். எலும்பு உடைந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். எனாமல் போனால் உடல் அதைத் திரும்ப உண்டாக்காது. அது தேய்ந்து அடியிலுள்ள மஞ்சள் நிறமான டென்டின் வெளிப்பட்டுவிட்டால், டென்டின் எனாமலைவிட மென்மையானது என்பதால் தேய்மானம் அங்கே இன்னும் விரைவாகும். எங்கள் தளக்கல்லிலும் மேற்பரப்பு நிறப்பூச்சு மெல்லிய அடுக்குதான். அது போய்விட்டால் அடியில் இருப்பது வெறும் சாந்து. அதனால் இந்த விளக்கம் எனக்கு உடனே மனத்தில் பதிந்தது.

இதற்கு மருத்துவத்தில் ப்ரக்ஸிசம் என்று பெயர். பல்லை நறநறப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1907-இல் பிரெஞ்சு மருத்துவ எழுத்தில் அதன் முதல் வடிவம் இடம்பெற்றது. ஒலியையே பெயராகக் கொண்ட நம் 'நறநற' அதைவிடப் பொருத்தமான சொல் என்பது என் எண்ணம். உறக்கத்தில் கடிப்பது ஒன்று, விழித்திருக்கும்போது கடிப்பது இன்னொன்று; இரண்டையும் இப்போது தனித்தனியாகவே பார்க்கிறார்கள். பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேர் உறக்கத்தில் கடிக்கிறார்கள் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. பல் வரிசை கோணலாக இருப்பதால்தான் கடிக்கிறார்கள் என்று முன்பு நம்பி, பற்களை ராவிச் சமன்படுத்தினார்கள். அந்தக் கருத்து இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. உறக்கத்தின் நடுவே மூளை சில விநாடிகள் அரைகுறையாக விழிக்கும்போது தாடைத் தசைகள் சேர்ந்து இயங்குவதே இது என்றும், மன அழுத்தம், காபி, புகை, மது, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவை இதைக் கூட்டுகின்றன என்றும் மருத்துவர் விளக்கினார். அத்தகைய மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே இதைச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

அந்த முதல் நாளிலேயே நல்ல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்திருந்தும், பல்லுக்கு உறை போட்டுக்கொண்டதோடு நான் நிறுத்திவிட்டேன். நைட் கார்டுக்கு 7,000 ரூபாய் என்றதும் தயங்கி, இணையத்தில் 650 ரூபாய்க்கு ஒன்றை வாங்கினேன். வெந்நீரில் போட்டு, இளகியதும் எடுத்து வாயில் வைத்துக் கடித்தால் நம் பல்லின் வடிவத்துக்கு வந்துவிடும் என்று அட்டையில் எழுதியிருந்தது. வந்தது உண்மைதான், ஆனால் அரைகுறையாக. ஓரங்கள் தடித்து ஈறில் குத்தின. பின்பக்கம் நீண்டு குமட்டல் உண்டாக்கியது. பாதி இரவில் வாயிலிருந்து கழன்று தலையணையில் கிடக்கும். மூன்று வாரத்தில் அதை எடுத்து வைத்துவிட்டேன். சில நாள் தற்காப்புக்கு ஆகலாம். அதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முன் பற்களில் மட்டும் மாட்டும் சிறிய வகைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் மாட்டினால் தாங்கலற்ற பின் பற்கள் மெல்ல வளர்ந்து, வாயை மூடினாலும் முன் பற்கள் ஒன்றோடொன்று சேராத நிலை வரக்கூடும் என்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது தகட்டை வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனையில் செய்துகொண்டேன். விலை 2,200 ரூபாய். "இதைப் போட்டால் பல் கடிப்பது நின்றுவிடும்" என்று உறுதியாகச் சொன்னார்கள். அங்கே நடந்த ஒன்று அப்போதே என் கண்ணில் பட்டது. பல்லின் அச்சு எடுக்கும் பசைக்கு ஆல்ஜினேட் என்று பெயர். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. அதற்கான பாசி வகைகளை நம் மண்டபம் கடற்கரையிலேயே சேகரிக்கிறார்கள். அந்தப் பசை ஈரத்தை இழந்தால் சுருங்கும். ஆகையால் அச்சு எடுத்த சிறிது நேரத்துக்குள் அதில் சாந்து ஊற்றிவிட வேண்டும். அவர்களோ என் வாயிலிருந்து எடுத்த அச்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மாலையில் ஆள் வந்து லேபுக்கு எடுத்துப் போவார் என்று மேசையில் வைத்துவிட்டார்கள். அப்போது காலை பதினோரு மணி, மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அச்சோடு வாழ்பவனுக்கு, காய்ந்த அச்சில் வார்த்தது எப்படி வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். அது என் தவறு.

நான் எதிர்பார்த்தபடியே தகடு ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சூடாக்கிய மென்மையான பிளாஸ்டிக் தாளை மாதிரியின்மேல் உறிஞ்சிப் படியவைத்துச் செய்யும் வகை அது. 2 மில்லிமீட்டர் கனம். மென்மையாக இருப்பதால் முதல் இரவே பழகிவிடும் என்பது அதன் நன்மை. ஆனால் எனக்கு அது வாயில் போட்ட பபிள் கம் ஆகிவிட்டது. தாடைத் தசை அதை மென்றுகொண்டே இருந்தது. காலை வலி குறைவதற்குப் பதிலாகக் கூடியது. மென்மையான தகடு சிலருக்குத் தசையின் வேலையைக் கூட்டிவிடும் என்பது பல் மருத்துவத்தில் முன்பே கவனித்துப் பதிவு செய்த செய்திதான். நான்காவது மாதம் வலப்பக்கக் கடைவாயில் தகடு ஓட்டையாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போனால், மீண்டும் ஆலோசனைக் கட்டணம் கட்டி வரிசையில் உட்காரச் சொன்னார்கள். சரிசெய்வது விலைக்குள் அடங்காது என்றார்கள். மென்மையான தகடு எல்லாருக்கும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். இலேசாகக் கடிப்பவர்கள் சிலர் அதிலேயே நிறைவாக இருக்கிறார்கள். ஆனால் கடிப்பு நின்றுவிடும் என்று வாக்குக் கொடுத்து விற்றது என்னை இன்றும் வருந்தச் செய்கிறது.

மூன்றாவதாக, முதலில் பார்த்த காரைக்குடி மருத்துவரிடமே திரும்பி வந்தேன். அவர் அளவெடுப்பதற்கு முன் கேட்ட கேள்விகளில் பாதி என் மனைவிக்கானவை. குறட்டை உண்டா, குறட்டையின் நடுவே மூச்சு நின்று பிறகு திணறி எழுகிறாரா, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உறக்க மூச்சுத்திணறல் உள்ளவர்களில் பலர் பல்லும் கடிக்கிறார்கள் என்பதும், அவர்களில் சிலருக்கு மேல் தாடைத் தகடு அந்தத் திணறலைக் கூட்டிவிடக்கூடும் என்பதும் காரணம். அப்படிப்பட்ட அறிகுறி இருந்திருந்தால் தகட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் மதுரைக்கு அனுப்பி இரவு உறக்கச் சோதனை எடுக்கச் சொல்லியிருப்பேன் என்றார். எனக்கு இலேசான குறட்டை மட்டும்தான். நெஞ்செரிச்சலையும், இரவு எத்தனை மணிக்குக் கடைசிக் காபி என்பதையும் கேட்டார். ஒன்பது மணி என்றேன். அதை மதியத்தோடு நிறுத்தச் சொன்னார். நைட் கார்டு செய்யப் போகிறவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்காத இடத்தில் அளவு கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அச்சு எடுத்த முறையை அருகிலிருந்து பார்த்தேன். பசை இறுகியதும் ஒரே இழுப்பில் எடுத்து, தண்ணீரில் அலசி, கிருமிநாசினி தெளித்து, உள்ளறைக்குக் கொண்டுபோய் உதவியாளர் உடனே சாந்து கலந்தார். அதிரும் சிறிய மேடைமீது அச்சை வைத்து, ஒரு மூலையிலிருந்து மட்டும் சாந்தை மெல்ல வழியவிட்டார். காற்றுக் குமிழி சிக்காமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டும். எங்கள் பட்டறையிலும் சாயக் குழம்பை ஓரத்திலிருந்துதான் ஊற்றுவோம். மேல் பல் வரிசை, கீழ்ப் பல் வரிசை, இரண்டும் சேரும் விதம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பதிந்துகொண்டார்கள். தாடை போல அசையும் ஒரு கருவியில் இரண்டு மாதிரிகளையும் பொருத்தி, அதன் மேல் லேபில் தகட்டை வார்ப்பார்களாம். பத்து நாளில் வந்தது. கண்ணாடி போல் தெளிவானது, மேல் பல் வரிசை முழுவதையும் மூடுவது, கடைவாயில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனம்.

இந்த வடிவத்தை மிச்சிகன் ஸ்ப்ளிண்ட் என்கிறார்கள்; மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் அடிப்பரப்பு சமதளமாக இருக்கும். கீழ்ப் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் அதைத் தொட வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப் பல் இருக்கும் இடத்தில் உள்ள சிறு சரிவு மட்டும் கீழ்த் தாடையை ஏந்திக்கொண்டு, கீழ்ப் பின் பற்களைத் தகட்டைத் தொடாமல் விலக்கிவிட வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரிதான்; செய்வதற்கு அன்று 40 நிமிடங்கள் ஆயின. மெல்லிய நீலத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து, "தட்டுங்க, தட்டுங்க" என்பார். நான் கடித்ததும் தகட்டில் நீலப் புள்ளிகள் விழும். ஒரு பக்கம் கருநீலமாக ஐந்து புள்ளி, மறுபக்கம் வெளிறிய இரண்டு. கருநீலத்தை மட்டும் சிறு அரைக்கும் கருவியால் தொட்டு எடுப்பார். மறுபடி தாள், மறுபடி தட்டல். முதலில் "டக்-டடக்" என்று இரட்டையாகக் கேட்ட ஒலி, கடைசியில் "டக்" என்று ஒற்றையாகக் கேட்டது. பிறகு சிவப்புத் தாளை வைத்துப் பக்கவாட்டில் இழுக்கச் சொன்னார். கடைவாயில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது, அதையும் எடுத்தார். ஒரு மயிரிழை உயரம் கூடினாலும் தாடை அதைத் தேடிப் போய்க் கடிக்கும் என்றார். தளக்கல்லின் பின்புறத்தை மட்டப்பலகையால் இழுத்துச் சமன் பார்க்கும் எனக்கு, இவர் செய்வது வேலை என்று தெரிந்தது.

முதல் ஒரு வாரம் எளிதாக இருக்கவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பேச்சு குழறியது. மருந்துக் கடை வாசனை போல ஒரு சுவையும் இருந்தது. இறுகாமல் மீந்த மூலப்பொருளின் சுவை அது என்றும், இரண்டு மூன்று நாள் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டால் போய்விடும் என்றும் சொன்னார்கள். தளக்கல்லைத் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போடுபவனுக்கு அதில் சிரமம் எதுவும் இல்லை. பகல் முழுவதும் கிண்ணத்து நீரில் கிடந்து, மூன்றாம் நாள் சுவை போய்விட்டது. காலையில் தகட்டைக் கழற்றியதும் சில நிமிடங்களுக்குப் பற்கள் சரியாகச் சேராதது போல இருக்கும். அது இயல்பு. மணிக்கணக்கில் அப்படியே நீடித்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என நான்கு முறை திரும்பப் போனேன். நான்கும் அந்த 7,000 ரூபாய்க்குள் அடக்கம். தசை தளரத் தளரத் தாடை நிற்கும் இடம் சற்று மாறுவதால், முதல் நாள் சரியாக இருந்த புள்ளிகள் ஒரு மாதம் கழித்துச் சரியாக இருப்பதில்லை. இரண்டாம் முறை இடப்பக்கத்தில் மட்டும் மூன்று கரும்புள்ளிகள் விழுந்தன. அவற்றை எடுத்த அன்றிரவுக்குப் பிறகே நெற்றிப்பொட்டு வலி குறையத் தொடங்கியது. தகட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு அத்தோடு விட்டிருந்தால், இதுவும் முந்தைய இரண்டையும் போல ஏமாற்றமாகவே முடிந்திருக்கும். ஆகவே விலை கேட்கும்போதே, மாட்டிய பின் எத்தனை முறை சரிசெய்வது இந்த விலையில் அடங்கும் என்று கேளுங்கள். 4,000 ரூபாய்க்குச் செய்து கொடுத்து அனுப்பிவிடும் இடத்தைவிட, 7,000 ரூபாய் வாங்கி நான்கு முறை வரச்சொல்லும் இடமே மலிவு. ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்தில் நான்கு முறை போய்வந்த அரை நாட்களையும் கணக்கில் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி இது செய்யாததைச் சொல்ல வேண்டும். நான் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். தகட்டின்மீது கடிக்கிறேன், என் பற்கள் ஒன்றையொன்று தேய்ப்பதில்லை, அவ்வளவுதான். மனைவிக்கு அந்த அம்மிச் சத்தம் கேட்பதில்லை; சில இரவுகளில் மங்கலான உரசல் கேட்கும் என்கிறார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், இத்தகைய தகடு உறக்கப் பல் கடிப்பைக் குணப்படுத்துகிறது என்று சொல்லப் போதுமான சான்று இல்லை, பல் தேய்மானத்தைக் குறைப்பதில் பயன் இருக்கலாம் என்ற அளவிலேயே முடித்தது. காரைக்குடி மருத்துவர் அளவெடுக்கும் முன்பே இதை எனக்குச் சொன்னார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு அதுவே காரணம். தாடைத் தசையைத் தளர்த்தப் பொட்டுலினம் என்னும் மருந்தை ஊசியாகப் போடும் முறையும் உண்டு. சில மாதங்களில் அதன் வீரியம் போய்விடும், மறுபடி போட வேண்டும், எடுத்ததும் போக வேண்டிய வழி அது இல்லை என்பது அவர் கருத்து. நானும் அதை நாடவில்லை.

பகல் கடிப்புக்குத் தகட்டால் ஆவது ஒன்றுமில்லை. சாதாரணமாக ஒரு நாள் முழுவதிலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடும் நேரம், சாப்பிடுவதையும் விழுங்குவதையும் சேர்த்தே, சுமார் 20 நிமிடம்தான் என்பார்கள். மற்ற நேரமெல்லாம் உதடுகள் சேர்ந்திருக்க, பற்கள் விலகியிருக்க வேண்டும். "வாயை மூடிக்கிட்டு 'ன்' சொல்லுங்க. நாக்கு நிக்கிற இடம்தான் அதோட இடம். இப்ப பல்லு தொடுதா பாருங்க" என்றார் மருத்துவர். தொடவில்லை. அன்று பட்டறைக்கு வந்து, பூ அச்சுகளை மாட்டிவைக்கும் சுவரில் நீலச் சாயத்தால் ஒரு பொட்டு வைத்தேன். கைப்பேசியில் ஒரு மணிக்கு ஒருமுறை ஒலிக்க வைத்தேன். முதல் நாள் பொட்டைப் பார்த்த ஒவ்வொரு முறையும் பல் இறுகியே இருந்தது. குறிப்பாக, அச்சுக்குள் கடைசி நிறத்தை ஊற்றும்போது கை எவ்வளவு மென்மையாக இருந்ததோ அவ்வளவு கடினமாகத் தாடை இருந்தது. ஒரு கல்லுக்கு ஒருமுறை என்றாலும் நாளைக்கு எத்தனை கல்! மூன்று மாதம் விடாமல் கவனித்த பிறகு, ஊற்றும்போது உதட்டை மட்டும் சேர்த்துக்கொண்டு மூச்சை மெல்ல விடப் பழகினேன். காலை வலி குறைந்ததில் பாதிப் பங்கு இந்தப் பொட்டுக்கு உண்டு என்று நம்புகிறேன். இதற்கு ஒரு காசும் செலவில்லை. கணினி முன்னும் தையல் இயந்திரத்தின் முன்னும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் தகட்டுக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.

இரவு படுக்குமுன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தாடையின் இரு பக்கமும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கிறேன். விருந்துக்குப் பின் வெற்றிலையோடு போடும் கொட்டைப்பாக்கை முற்றிலும் விட்டுவிட்டேன்; பல்லுக்கு மட்டுமல்லாமல் வாய்க்கே கேடான பொருள் அது. சீடையையும் கைமுறுக்கையும் விட மனம் வரவில்லை. சீப்புச் சீடையை உடைத்துச் சிறு துண்டாகப் போட்டுக்கொள்கிறேன்.

பராமரிப்பில் இரண்டு மூன்று செய்திகள் மட்டும். எழுந்ததும் குளிர்ந்த நீரில், மென்மையான தனிப் பிரஷ்ஷால், கைகழுவும் சோப்பு நீர் சில துளிகள் விட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். பற்பசை போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பில் கீறல் விழும். அந்தக் கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும். வெந்நீர் கூடவே கூடாது, வடிவம் மாறிவிடும். நம் ஊர் கோடையில் இதைக் காருக்குள்ளோ தகரக் கொட்டகையிலோ வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் மாதம் ஒருமுறை வெண்படலம் படிகிறது. தண்ணீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவினால் போய்விடுகிறது. காற்றோட்டத் துளையுள்ள பெட்டியில், வீட்டு நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எச்சில் வாசனைக்கு நாய் அதைக் கடித்துக் குதறிவிடும் என்று மருத்துவரே முதல் நாள் எச்சரித்தார்.

என் தங்கை மகனுக்கு ஆறு வயது. அவனும் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். மாமாவுக்குச் செய்தது போல இவனுக்கும் ஒன்று செய்துவிடலாமா என்று தங்கை கேட்டாள். சிறு பிள்ளைகளிடம் இது பெரியவர்களைவிடக் கூடுதலாகவே காணப்படும், பெரும்பாலும் வளர வளரத் தானே குறைந்துவிடும், தாடை வளரும் வயதில் பொதுவாகத் தகடு செய்வதில்லை, குறட்டையோ வாயால் மூச்சு விடுவதோ இருந்தால் மட்டும் அழைத்து வாருங்கள் என்று மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்யாமல் அனுப்பியதை நான் இந்த மதிப்புரையில் அவசியம் பதிவு செய்ய விரும்புகிறேன்.

குறை என்று நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒன்பதாம் மாதம் மேல் வலப்பக்கப் பல்லில் இருந்த பழைய அடைப்பு பெயர்ந்துவிட்டது. புதிதாக அடைத்த பிறகு தகடு அந்த இடத்தில் உட்காரவில்லை. அக்ரிலிக்கைச் சிறிது குடைந்து, உள்ளே புதிதாக ஓர் அடுக்கு போட்டுச் சரிசெய்ய 800 ரூபாய் தனியாக ஆயிற்று. அந்த அடைப்பு ஆட்டம் கண்டிருப்பதை அளவெடுக்கும்போதே பார்த்திருக்கலாம். அடைப்பு, உறை, பிடுங்குதல் எது பாக்கியிருந்தாலும் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு பிறகு அளவு கொடுங்கள்.

போன மாதம் போயிருந்தபோது மருத்துவர் தகட்டின் கனத்தை அளந்தார். வலப்பக்கக் கடைவாயில் 3 மில்லிமீட்டராக இருந்தது 2.5-க்கு வந்திருந்தது. அங்கே மட்டும் அக்ரிலிக் பளபளவென்று, எங்கள் வீட்டு முகப்பில் பல தலைமுறை நடந்த கல்லைப் போல வழுவழுப்பாக இருந்தது. அக்ரிலிக் எனாமலைவிட மென்மையானது. ஆகையால் என் பல் இதே அளவு தேய்ந்திருக்கும் என்று கொள்ள முடியாது. இந்த வேகத்தில் போனால் இன்னும் ஓரிரு ஆண்டு தாங்கும், அதற்குள் விரிசல் தெரிந்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, வழுவழுப்பான இடத்தில் மறுபடி நீலத் தாளை வைத்து "தட்டுங்க" என்றார். ஒலி ஒற்றையாகவே கேட்டது. அடுத்த சோதனைக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.